காசிம் மூணு தரம் சொன்னது

இந்தப் பையை நீங்க எடுத்துக்குங்க சார். ஆரஞ்சுதானுங்க. காத்தால எடப்பாடியில எறங்குனதும் வாங்குனது, ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனேன். அந்தப் புள்ளை வாங்கி உள்ள வச்சுது. நான் கெளம்பறப்ப அதே பையை எடுத்தாந்து கையில குடுத்துருச்சு. "எங்கூட்ல ஆரும் திங்கமாட்டாங்கண்ணா"ங்குது. ஆரஞ்சு திங்காத வீடு உண்டுங்களா? நீங்களே சொல்லுங்க.

நீங்க சங்ககிரியில எறங்கறீங்க. டிக்கெட் வாங்கறப்பக் காதுல உழுந்துச்சு. நான் திருச்செங்கோடு. சங்ககிரி வரைக்கும் பேசிக்கிட்டு வரலாம். நானொண்ணும் ஆரைக் கண்டாலும் புடிச்சு வச்சுப் பேசற ஆளில்லைங்க. லாரிக்காரன். கேபின்ல ரெண்டே பேரு, அதுல ஒருத்தன் எப்பவும் தூங்கிட்டிருப்பான். பேச்சுக் கொறைஞ்சு போன தொழிலு. இன்னைக்கு என்னமோ பேசோணும்னு இருக்குது.

அந்த இன்னொருத்தன் பேரு வையாபுரி. அவன் வீட்டுக்குத்தான் போயிட்டு வர்றேன். நானும் அவனும் பதினாலு வருசம் ஒரே வண்டியில ஓடுனோம். என்ற பேரு அர்த்தநாரி. லாரி செட்டுல எல்லாரும் 'அர்த்தநாரி வண்டி'ம்பாங்க. 'வையாபுரி வண்டி'ன்னு ஒருத்தனும் சொன்னதில்லை. அதுக்கு அவன் வருத்தப்பட்டதும் இல்லை. நல்ல மனுசனுங்க. நான் மெயின் டிரைவர், அவன் ரெண்டாவது. எனக்கு ஹிந்தி வரும், அவனுக்கு வராது. பதினாலு வருசம் வடக்க ஓடியும் பானி, சாய், ரொட்டிக்கு மேல ஒரு வார்த்தை கத்துக்கலை. "நீ இருக்கறயில்ல, எனக்கெதுக்குடா"ம்பான். வடக்க அவனுக்கு எல்லாமே என்ற வாய் வழியாத்தான். போலீஸ்காரன் திட்டுனாக்கூட நான் தமிழ்ல சொன்ன பொறகுதான் அவனுக்குக் கோவம் வரும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, கார்த்திகை மாசம். சேலத்துல இருந்து கரண்ட் டவருக்கான இரும்புச் சாமான் ஏத்திக்கிட்டு லடாக் போனோம். ஆப்பிள் எடுக்க ஸ்ரீநகர் வரைக்கும் எத்தனையோ தரம் போயிருக்கோம். அதுக்கும் அக்கட்டால, பனிமலைக் கணவாயைத் தாண்டி, அதுதான் மொதத் தரம்.

டீசல் விசயத்தை முதல்லயே சொல்லிப்போடறேன். பின்னாடி நான் மறைச்சேன்னு ஆகக்கூடாது. ஜம்முவுல டேங்க் ரொப்பறப்ப வையாபுரி சொன்னான், "பாதி போதும்டா. மேல குளுருக்குன்னே தனி டீசல் இருக்குதாம். அங்க போயி ரொப்பிக்கலாம்." ஆரோ நாமக்கல் டிரைவர் சொல்லியிருக்கான். நான் சிரிச்சுட்டேன். டீசல்ல என்னடா குளுருக்கு ஒண்ணு, வெய்யிலுக்கு ஒண்ணு? ஸ்வெட்டரா அது? வாய் வரைக்கும் ரொப்புனேன். டேங்க் நெறைஞ்சிருந்தாத்தான் எனக்கு ஸ்டியரிங் புடிக்க மனசு வரும். அது ஒரு தப்புங்களா?

கணவாய் ஏறி எறங்கி திராஸ்ங்கற ஊருக்குப் போய்ச் சேர்றப்ப பொழுது எறங்கிருச்சு. ரோட்டோரம் பத்துப் பதினஞ்சு லாரி நிக்குது. ஒண்ணுகூட ஆஃப் பண்ணலை. எல்லாம் உறுமிக்கிட்டே நிக்குது, டிரைவருங்க பாட்டுக்கு டீ குடிச்சுட்டு இருக்காங்க. பக்கத்து வண்டிக்காரர்தான் காசிம். கார்கில் ஆளு, எங்க வயசுதான் இருக்கும், முன்பல்லு ஒண்ணு இல்லை. அவராவே வந்து சொன்னாரு, "எஞ்சினை நிறுத்தாதீங்க. விடிய விடிய ஓடட்டும். நிறுத்துனா காத்தால எந்திரிக்காது."

அதை வையாபுரிக்கு நான் தமிழ்ல சொன்னேன். சொல்லாம இல்லை. "அப்ப ஓடட்டும்டா"ன்னான். நான்தான் நிறுத்துனேன். ஏன்னா, அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது. அடுத்த நாளு அந்த ரோட்டுல வண்டி ஓட்டறது ஆரு? நான். அப்பறம் புகை வேற. கேபினுக்குள்ள புகை பூந்து செத்த கதையெல்லாம் கேட்டிருக்கோமில்ல? ரெண்டு பேரு நல்லதுக்கும்தான் நிறுத்துனேன். ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்தேன், விடிஞ்சுதான் எந்திரிச்சேன்.

தண்ணி பாட்டல் கல்லாட்டம் கெடக்குது. கண்ணாடிக்கு உள்பக்கம் எங்க மூச்சே பனியா ஒட்டியிருக்குது. சாவியத் திருப்புனேன். ஒருக்கா முனகுச்சு. மறுபடி திருப்புனேன். அரைச் சுத்து சுத்தி நின்னு போச்சு.

டீசல் வண்டி எப்படி ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? பெட்ரோலுக்குப் பொறி வேணும். டீசலுக்குப் பொறி கெடையாது. உள்ள காத்தை அமுக்குனா அது சூடாகும், அந்தச் சூட்டுல டீசல் பத்திக்கும், அவ்வளவுதான். இரும்பே ஐஸாக் கெடந்தா எத்தனை அமுக்கி என்ன, சூடு எங்கிருந்து வரும்? ஆயில் வெல்லப்பாகு மாதிரி எறுகிப் போச்சு. பேட்டரிக்குப் பாதி உசுருதான். அதுக்கும் மேல டீசல். மார்கழியில தேங்காயெண்ணெய் உறைஞ்சு போறதில்லீங்களா, அதேதான். வையாபுரி டேங்க் மூடியத் தொறந்து உள்ள ஒரு குச்சிய உட்டுப் பாத்தான். பாத்துட்டு என்னையப் பாத்தான். "பாதி போதும்னு சொன்னேனில்ல"ன்னு கேக்கலைங்க. கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அந்நேரம் பாத்து ஒரு போலீஸ்காரர் வந்து பம்பரைத் தட்டறாரு. மத்தியானத்துக்கு மேல பெரிய பனி வருதாம். பதினோரு மணிக்குள்ள எல்லா வண்டியும் கார்கில் பக்கம் எறங்கிரோணுமாம். நின்ன வண்டி நின்னதுதானாம். எப்ப ரோடு தொறப்பாங்கன்னு ஆருக்கும் தெரியாது, சித்திரை ஆனாலும் ஆகுமாம். லோடு வண்டிய அந்தக் காட்டுல உட்டுப்போட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊரு திரும்பறது? இருபத்தியாறு வருசத்துல என்ற வண்டி ஒருக்காகூட வழியில நின்னதில்லைங்க. அந்தப் பேரு ஒண்ணுதான் எனக்கு இருக்குது.

காசிம் நல்லவரு. அவரு வண்டிதான் ஓடிக்கிட்டு இருக்குதே, போயிட்டே இருந்திருக்கலாம். போகலை. ஒரு தகரத்துல கரி நெருப்பை அள்ளிட்டு வந்து எஞ்சினுக்கு அடியில தள்ளுனாரு, ஆயில் எளகட்டும்னு. அவரு வச்சிருந்த குளுருகால டீசலு ரெண்டு கேன் எடுத்துக் குடுத்தாரு. "டீசல் வடிகட்டற பில்டர் அடைச்சிருக்கும், கழட்டிப் புதுசு போடுங்க. டேங்க்ல இருக்கற பைப்பை உருவி இந்தக் கேனுக்குள்ள உடுங்க. கார்கில் வரைக்கும் இதுலயே போயிரலாம். காத்து முழுக்க வெளிய போற வரைக்கும் கையில பம்ப் அடிக்கோணும். அது வரைக்கும் சாவியத் தொடாதீங்க, இருக்கற பேட்டரியும் போயிரும்." எல்லாத்தையும் வார்த்தைக்கு வார்த்தை வையாபுரிகிட்டச் சொன்னேன்.

அவன் கீழ எறங்குனான். நான் சீட்டுல உக்காந்தேன். ஆராவது ஒருத்தர் சீட்டுல இருக்கோணுமில்ல?

கையுறையா? இருந்துச்சுங்க. ஒரு ஜோடி. ஜம்முவுல வையாபுரிதான் வாங்குனான். தோலு, உள்ள கம்பளி வச்சது. அன்னைக்குக் காத்தால அவனாத்தான் கழட்டி எனக்குக் குடுத்தான். நான் கேக்கலை. ஸ்டியரிங்கத் தொட்டா கை ஒட்டிக்குது, அதுல "ஐயோ"ன்னேன். கையை நீட்டியிருப்பேன்னு வைங்க. ஆனா வாய் தொறந்து கேக்கலை. அதுவுமில்லாம கையுறையப் போட்டுக்கிட்டு அந்தச் சின்னத் திருகையெல்லாம் திருக முடியாதுங்க. எந்த மெக்கானிக்க வேணா கேட்டுப் பாருங்க.

காத்து எடுக்கறதுன்னா என்னன்னா, பைப்புல ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி உட்டுட்டுக் கைப்பம்பை அடிக்கோணும். நொரை நொரையா டீசல் வரும். நொரை நின்னு தெளிவா வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கோணும். வர்றது அத்தனையும் கை மேலதான் வழியும். தண்ணின்னா அந்தக் குளுருல உறைஞ்சு நின்னு போயிரும். காசிம் குடுத்த அந்தக் குளுருகால டீசல் உறையாது. வழிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா ஐஸை விடக் கெட்ட ஜில்லு. கை மரத்துப் போறதுகூடத் தெரியாதாம். எனக்கு இது அப்பத் தெரியாதுங்க. காசிமுக்குத் தெரியும்.

அவரு ஓடி வந்தாரு. என்கிட்டத்தான் சொன்னாரு, எனக்குத்தான ஹிந்தி. "அவர்கிட்டச் சொல்லுங்க. கை டீசல்ல நனைஞ்சுக்கிட்டே இருக்கக்கூடாது. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா தொடைச்சுட்டு அக்குள்ல வச்சுச் சூடு பண்ணச் சொல்லுங்க. வெரலு வெள்ளையாப் போச்சுன்னா வேலைய உட்டுரச் சொல்லுங்க. வெரலே போயிரும்."

நான் ஜன்னல் வழியாக் குனிஞ்சு பாத்தேன். கீழ இருந்து வையாபுரி, "என்னடா சொல்றாரு?"ன்னான்.

"சீக்கிரம் முடிக்கச் சொல்றாரு"ன்னேன்.

அப்பவே மணி ஒம்பதரைங்க. பதினோரு மணிக்கு ரோட்டை மூடறாங்க. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா அவன் எந்திரிச்சு எந்திரிச்சுக் கையத் தொடைச்சுக்கிட்டு இருந்தா எப்ப முடியறது? வெரலு போயிரும்னு சொன்னா எவனாவது வேலை செய்வானா? நான் செய்யமாட்டேன். அதுவுமில்லாம காசிம் கொஞ்சம் கூட்டிச் சொல்றாருன்னு நெனச்சேன். ஊருக்குப் புதுசா வந்தவங்களை இப்படிப் பயமுறுத்தறது உண்டுதானுங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்தாரு. அவரு கையக் காட்டிக் காட்டி அதே பேச்சு. வையாபுரி என்ற மூஞ்சியப் பாத்தான். "சீக்கிரம்கறாருடா"ன்னேன். மூணாவது தரம் காசிம் சத்தமே போட்டாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "சொல்லிட்டேன், சொல்லிட்டேன், அவனுக்கு எல்லாம் தெரியும்"னு ஹிந்தியிலயே கத்திப்போட்டேன். காசிம் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுத் தன்ற வண்டிப் பக்கம் போயிட்டாரு.

சார், இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லைங்க. என்ற சம்சாரத்துகிட்டக்கூட. உங்ககிட்ட எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலை.

பத்தேகால் இருக்கும். கீழ இருந்து "அடிடா!"ன்னான். சாவியத் திருப்புனேன். ஒரு சுத்து, ரெண்டு சுத்து... புடிச்சுருச்சு! குபுகுபுன்னு வெள்ளைப் பொகை. வண்டி மொத்தமும் நடுங்குது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆரன் அடிச்சேன், சிரிச்சேன், கத்துனேன். மறுபடி நின்னுரக்கூடாதுன்னு ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சு அஞ்சு நிமிசம் சூடு பண்ணுனேன். வையாபுரி வண்டிக்கு முன்னால வந்து நின்னான். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா சேத்து வச்சுக்கிட்டு என்னையே பாக்கறான். சாமியக் கும்பிடறான்னு நெனச்சேன். நானும் உள்ள இருந்தே பதிலுக்குக் கும்பிட்டேன்.

அவன் கும்பிடலைங்க. அவனுக்குக் கை எங்க இருக்குதுன்னே தெரியலை. ஒரு கையால இன்னொரு கையத் தேடிக்கிட்டு நின்னிருக்கான். எறங்கிப் பாத்தா வெரலெல்லாம் மெழுகுவத்தி. "வலிக்குதாடா?"ன்னேன். "வலிச்சாத் தேவலைடா"ன்னான்.

காசிம் பாத்தாரு. அவனைத் தன்ற வண்டியில தூக்கி உக்கார வச்சுக்கிட்டு கார்கில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாரு. நான் பின்னாலயே போனேன். ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள போகலைங்க. வண்டிய நிறுத்துனா மறுபடி எந்திரிக்காது, ஓடற வண்டிய உட்டுட்டும் போக முடியாது. வாசல்லயே ரெண்டு மணி நேரம் சீட்டுல உக்காந்திருந்தேன். உள்ள அவனோட இருந்தது காசிம்தான். ரோடு மூடிட்டதால அப்பறம் பட்டாளத்து ஹெலிகாப்டர்ல அவனை ஸ்ரீநகருக்கு அனுப்பி, அவன் மச்சினன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். நான் லே போயி லோடு எறக்குனேன். லோடு சொன்னபடி போய்ச் சேந்துருச்சு.

வலது கையில நாலு வெரலு போச்சு. இடது கையில ரெண்டு.

அதுக்குப் பொறகு அவன் எனக்கு ஒரு போன் பண்ணலைங்க. அதுதான் என்ற கொறை. பதினாலு வருசம் ஒரே தட்டுல சோறு தின்னவன்! போன ஆவணியில மகளுக்குக் கல்யாணம் பண்ணியிருக்கான். செட்டுல கிளீனர் வரைக்கும் பத்திரிக்கை போயிருக்குது, எனக்கு இல்லை. நானும் போயிப் பாக்கலைதான், அதை ஒத்துக்கறேன். போயி என்ன பேசறது? லோடு மேல லோடு வேற. இந்தப் பொங்கலுக்குப் போகலாம், அந்த நோம்பிக்குப் போகலாம்னு ரெண்டு வருசம் ஓடிப் போச்சு. போன வாரம் என்ற சம்சாரந்தான் சண்டை போட்டா. "ஒரு மனுசனா ஒருக்கா போயிட்டு வாங்க"ன்னா. அதுதான் இன்னைக்குக் காத்தால கெளம்புனேன்.

வீட்டோட ஒட்டித் தறிப்பட்டறை. அவன் சம்சாரம் மல்லிகாதான் ரெண்டு தறி ஓட்டுது. என்னையக் கண்டதும் வாங்கன்னுச்சு, பையை வாங்குச்சு, சேர் போட்டுச்சு. வையாபுரி உள்ள இருந்து வர நேரமாச்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்தான். காப்பி வந்துச்சு. டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு, கொழந்தை குடிக்கற மாதிரி தூக்கிக் குடிச்சான். நான் தறியப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல பேச முடியாதுங்கறது எனக்கு நல்லதாப் போச்சு.

அவன் மல்லிகாவைப் பாத்துக் கையக் காட்டுனான். தறி நின்னுச்சு.

"அர்த்தநாரி, உன்னைய ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்"ன்னான். "அன்னைக்குக் காசிம் மூணு தரம் வந்து சொன்னாரே. என்னடா சொன்னாரு?"

கோவமே இல்லைங்க கொரல்ல. மணி என்னடான்னு கேக்கற மாதிரிதான் கேட்டான்.

நான் சொன்னேன், "சீக்கிரம் முடிக்கச் சொன்னாருடா."

யோசிச்சுச் சொல்லலைங்க. பொய் சொல்லோணும்னு அங்க போகலை. வாய்க்குள்ள அது தயாரா இருந்துச்சு, வந்துருச்சு.

டம்ளரை ரெண்டு உள்ளங்கையாலயும் கீழ வச்சான். "அப்படியா. சரி"ன்னான். மல்லிகா பக்கம் திரும்பி, "தறியப் போடு"ன்னான். எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

வாசல் வரைக்கும் மல்லிகாதான் வந்துச்சு. அப்பத்தான் இந்தப் பையைக் குடுத்துச்சு. குடுத்துட்டுச் சொல்லுச்சு, "கார்கில் ஆஸ்பத்திரியில அந்தக் காசிம் பாய் அழுதாருங்களாம். நான் மூணு தரம் சொன்னனே, ஏன் கேக்கலைன்னு இவரைப் புடிச்சு உலுக்கியிருக்காரு. அங்க வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருத்தர் படுத்திருந்தாராம். அவரு எல்லாத்தையும் தமிழ்ல எடுத்துச் சொல்லிட்டாருண்ணா, அன்னைக்கே. இவரு இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாய் தொறக்கலை. செட்டுல கேட்டவங்ககிட்டக்கூட 'என்ற கவனக்கொறைவுதான்'னுட்டாரு. 'அர்த்தநாரி வருவான், அவன் வாயால சொல்லட்டும், சொன்னாப் போதும் எனக்கு'ன்னு ரெண்டு வருசமா அந்தச் சேர்ல உக்காந்திருந்தாரு. இன்னைக்கு நீங்க வந்ததைப் பாத்துட்டுப் பொட்டியில இருந்து நல்ல சட்டைய எடுக்கச் சொன்னாரு. பட்டன் போட்டு உடுன்னு என்ற முன்னால வந்து நின்னாருண்ணா."

ஆக, அவனுக்குத் தெரியும். கேக்கறப்பவே தெரியும்.

நீங்க சொல்லுங்க சார், தெரிஞ்சவன் எதுக்குங்க கேக்கோணும்? முதல்லயே "உன்ற விசயம் எனக்குத் தெரியும்டா"ன்னு சொல்லியிருந்தா நான் கால்ல உழுந்திருக்க மாட்டேனா? தெரியாத மாதிரி கேட்டா மனுசன் என்ன சொல்லுவான்? அவன் கேட்டதும் ஒரு தப்புதானுங்களே?

என்னங்க? திரும்பிப் போறதா? இப்பவா?

போயி... ஆமாங்க, அதைத்தான் சொல்லோணும். ரெண்டே வரிதான். உங்ககிட்டச் சொல்லிட்டேனில்ல. அவன் மூஞ்சியப் பாத்தா வருமோ என்னமோ. இன்னொரு நாளு, சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு... இல்லைங்க, நீங்க சொல்றது நெசந்தான். அவன் இந்நேரம் அந்தச் சட்டையக்கூடக் கழட்டியிருக்க மாட்டான். மல்லிகா தறியில நிக்கும், ஆரு கழட்டி உடறது?

சங்ககிரி வந்துருச்சுங்க. அதோ நிக்குதுங்களே, எடப்பாடி வண்டி. காலியாத்தான் இருக்குது. போறேனுங்க. போகாம என்ன. நாளைக்குக் காத்தால ஹைதராபாத் லோடு இருக்குது, அதைப் போயி எறக்கிட்டு... வேண்டாம், வேண்டாம், இப்பவே போறேன். நீங்க முதல்ல எறங்குங்க, உங்க பின்னாலயே வர்றேன். செருப்பு எங்க தள்ளிட்டுப் போச்சு பாருங்க. இருங்க, அந்தம்மா எறங்கட்டும், கைக்கொழந்தை வச்சிருக்காங்க.

அட, எடப்பாடி வண்டிய எடுத்துட்டானுங்களா? கை தட்ட வேண்டாம் சார், உடுங்க, உடுங்க. போகட்டும். நான் இப்படியே சீட்டுல உக்காந்துக்கறேன். நீங்க எறங்கறப்ப அந்த டைம் கீப்பர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, எடப்பாடிக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு.